கட்டி வந்த பாய்

பரணிலிருந்து இறக்கிய பாயை லோசே முற்றத்துக்கு எடுத்துப்போய் உதறினாள். தூசியோடு இரண்டு பல்லி முட்டைகளும் உருண்டு விழுந்தன. ஓரமெல்லாம் நைந்து, நடுவில் எலி கடித்து, ஒரு மூலை தீப்பட்டுக் கருகிப்போன பாய். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. தகப்பன் சாவுக்கு மகன் இடுப்பில் கட்டுகிற பாய் இப்படித்தான் இருக்கவேண்டும். இதைவிடக் கந்தலாக ஒன்று ஊரில் எங்காவது கிடைத்தால் அதைத்தான் கேட்டு வாங்கி வைத்திருப்பாள்.

அவளும் அப்படி ஒன்றைத்தான் சுற்றியிருந்தாள். மார்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரும் பெரிய பாய். கயிறு போட்டு இறுக்கியும் நடக்கும்போது சரசரவென்று நழுவிக்கொண்டே வந்தது.

சாவு வீட்டில் யாருக்கு யார் என்ன உறவு என்று அந்தத் தென்கடல் தீவில் எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. இடுப்பைப் பார்த்தால் போதும். செத்தவருக்குக் கீழ்ப்பட்டவர்கள், அதாவது பெற்ற பிள்ளைகளும் அண்ணன் தம்பி பிள்ளைகளும், கந்தலைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறத்தில் அடுப்போடு கிடப்பார்கள். மேற்பட்டவர்கள், அக்கா தங்கைகளும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும், மெல்லிய வெள்ளைப் பாயை மடிப்புக் கலையாமல் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்காருவார்கள். மாமனைவிட மருமகன் உசத்தி. சாவுக்கு வந்து சேருகிற சீர்ப் பாய்களையும் மரப்பட்டைத் துணிகளையும் அந்தப் பக்கத்து ஆட்கள் எடுத்துக்கொண்டு மிச்சம் வைத்தால்தான் மற்றவர்களுக்கு.

லோசேயின் அப்பா சோசாயா முந்தாநாள் காலையில் தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். நனைந்த பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்ததைத்தான் லோசே முதலில் பார்த்தாள். நெயாஃபு நகரத்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இன்று விடிந்ததும் கொண்டுவந்தார்கள். கூடத்தில் பத்துப் பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய அக்கா, லோசேயின் அத்தை மெலெனைதே, எண்பதை நெருங்கும் வயதிலும் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். நேற்று தலைநகரிலிருந்து கப்பலில் வந்தவள். வந்ததிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை, யாருடனும் பேசவுமில்லை.

கொல்லைப்புறத்திலிருந்து மனாசே குரல் கொடுத்தான். சோசாயாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் அவன். குழியடுப்புக்கு அவன்தான் தலைவன். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் பன்றி அறுக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"லோசே, உன் தம்பி பிளேன் எறங்கிருச்சாம். அரை மணி நேரத்துல வந்துருவான். அவனுக்குன்னு ஒரு மூட்டை சேப்பங்கிழங்கு உரிக்காம வெச்சிருக்கேன். சிட்னியில போய் கை மெத்துனு ஆயிருக்கும், கொஞ்சம் அரிக்கட்டும்."

லோசே சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு அது. தம்பி வருகிறான் என்பதில் அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. அப்பா போன அன்றே போனில் அவன் அழுது முடித்துவிட்டுச் சொன்ன கடைசி வார்த்தை, "வீட்டைப் பத்தி வந்து பேசிக்கலாம், அக்கா."

அந்த வீட்டின் கதை என்று பார்த்தால் அது ஆண்பிள்ளைக்குக் காத்திருந்த கதைதான். சோசாயாவின் அப்பா தானியேலாவுக்கு, ஊர் நிலத்துக்கெல்லாம் உடைமைக்காரரான பிரபு அந்த நிலத்தைக் கொடுக்கச் சம்மதித்தபோது அங்கே புதரும் காட்டு எலுமிச்சையும் தவிர ஒன்றுமில்லை. அளக்கிறவர்கள் வருவதற்குள் தானியேலா எல்லை நெடுகத் தென்னம்பிள்ளைகளை நட்டுவிட்டார், தன் பங்குக்கு அப்பால் பத்தடி தள்ளி. வந்தவர்கள் தென்னையைப் பார்த்து அதுதான் எல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு பெரும் புயலில் துறையிலிருந்த கொப்பரைக் கிட்டங்கி சரிந்தது. அதன் பலகைகளைப் படகில் ஏற்றிவந்து வீட்டைக் கட்டினார். பலகைகளில் பெரிய எழுத்தில் ஏதோ வியாபாரியின் பெயர் எழுதியிருந்தது. தச்சன் அதைத் தலைகீழாக அடித்துவிட்டான். லோசே எழுத்துக் கூட்டப் பழகியது அந்தச் சுவரில்தான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து அடி வாங்கினாள்.

நிலம் மூத்த மகனுக்குத்தான் போகும் என்பது நாட்டுச் சட்டம். முறையாகத் திருமணத்தில் பிறந்த மகனாக இருக்கவேண்டும். எடுத்து வளர்த்த பிள்ளைக்குக் கிடையாது. மகனே இல்லையென்றால் மட்டும் கல்யாணமாகாத மகள் தன் ஆயுள்வரை இருந்துகொள்ளலாம். தானியேலாவுக்கு நாலு பெண்ணுக்கு அப்புறம்தான் சோசாயா பிறந்தார். அந்த நாலில் இப்போது மிஞ்சியிருப்பவள் மெலெனைதே மட்டும். சோசாயாவுக்கோ லோசே பிறந்ததோடு சரி, அதன்பிறகு அவர் மனைவி வீகாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. பிரபுவின் ஆள் வருடா வருடம் முதல் அறுவடைக் கிழங்கை வாங்க வரும்போது முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னும் பொண்ணு மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டுப் போவான். லோசேக்கு நாலு வயதானபோது கிதியோனே வந்தான். அந்த வருடம் சோசாயா கிழங்கோடு ஒரு பன்றியையும் சேர்த்து அனுப்பினார்.

கிதியோனே பதினெட்டு வயதில் சிட்னிக்குப் போனான். லோசே போகவில்லை. பெண் கேட்டு வந்தவர்கள் இல்லாமல் இல்லை. முதலில் அம்மா படுத்தாள், அவள் போனபின் அப்பாவுக்குக் கால் வீங்கியது. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதில் ஐம்பது வயதாகிவிட்டது. இப்போது அந்த வீட்டில் எந்தத் தகரம் எந்தக் காற்றுக்கு ஒழுகும், எந்தப் பலகையை மிதித்தால் முனகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்த வீடு அவள் பேரில் இல்லை. அதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

வண்டி வந்து நின்றது. கிதியோனே இறங்கினான். கறுப்புச் சட்டையும் கறுப்பு வேட்டியும் அணிந்திருந்தான். இடுப்பில் வெண்ணெய் நிறத்தில், பட்டுப்போல் மெல்லிய, கல்யாணத்துக்குக் கட்டுகிற பாய் இருந்தது.

கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்தவர்களின் கண் அந்த இடுப்பில் நின்றது. மனாசேதான் முதலில் ஆரம்பித்தான். "டேய், மாப்பிள்ளை. பொண்ணு வீடு அடுத்த தெருவுடா."

கிதியோனேயும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான், கண்ணில் தண்ணீரோடு. "வீட்டுல இது ஒண்ணுதான் இருந்துச்சு அண்ணே. வெறும் இடுப்போட பிளேன் எறங்கவா? இங்க வந்து மாத்திக்கலாம்னு கட்டிக்கிட்டேன். அக்கா கிட்ட ஏதாவது இருக்கும்."

நேராக உள்ளே போனான். மகன் உட்காரவேண்டிய கால்மாட்டில் மண்டியிட்டு, அப்பாவின் வீங்கிய பாதங்களில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். பொய்யாக அழவில்லை. லோசே தன் நாலு வயதிலிருந்து இடுப்பில் சுமந்த பிள்ளை அவன். அவனுக்குப் பத்து வயதானதும் வழக்கப்படி ஆண்பிள்ளைகள் குடிசைக்குப் படுக்கப் போனான். அன்றிலிருந்து அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியதில்லை. அது மரியாதை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆளோ போனோ வேண்டும், அல்லது சுவர் வேண்டும்.

சுவர் வழியாகத்தான் அவள் கேட்டாள். அழுது முடித்து வெளியே வந்தவன், மழைநீர்த் தொட்டி ஓரமாக மனாசேயுடன் நின்று முகம் கழுவினான். தொட்டிக்கும் கூடத்துக்கும் நடுவில் அந்தத் தலைகீழ் எழுத்துப் பலகைதான். உள்ளே லோசே அத்தைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்காவை இங்க தனியா விட்டுட்டு நான் எப்படிண்ணே அங்க தூங்குவேன்?" என்றான் கிதியோனே. "என் பேருக்கு மாத்துனதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுரலாம்னு இருக்கேன். நியூசிலாந்துக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். திமிங்கிலம் பாக்க வர்றவங்க தங்குறதுக்கு குடில் போடுவானாம். கடலைப் பாத்த மாதிரி எடம், இல்லையா?"

"வீடு?"

"வீட்டுல என்ன இருக்கு, செல்லரிச்ச பலகை. அவன் இடிச்சுக்குவான். அக்காவை நான் கூட்டிட்டுப் போயிருவேன். ரூம் போட்டு வெச்சிருக்கேன். என் புள்ளைங்களுக்கும் ஒரு அத்தை வேணும்ல."

"அவகிட்ட கேட்டியா?"

"அவ வேணாம்னுதான் சொல்லுவா. அவளுக்கு எது நல்லதுன்னு அவளுக்குத் தெரியாதுண்ணே."

லோசே ஊற்றிய தண்ணீர் கோப்பை நிரம்பிப் பாயில் வழிந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் கோபம் சுலபமாக இருந்திருக்கும். அவன் அறை போட்டு வைத்திருக்கிறான். ஜன்னல் திரைகூட வாங்கி வைத்திருப்பான். அந்த அறையில் யாருடைய பிள்ளைகளுக்கோ சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டு, சாகும்வரை காரில் பின்சீட்டில் போய் வந்துகொண்டிருக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு பிடிமானமும் இல்லை. தம்பி மனது வைத்தால் வீடு, இல்லாவிட்டால் இல்லை.

மனாசே வாசலில் தலையை நீட்டினான். "லோசே, அவனுக்குப் பாய் கேக்குறான். அந்தக் கந்தலைக் குடு. பத்து நிமிஷத்துல போதகர் வந்துருவாரு. இவன் இப்படியே நின்னா ஊரு சிரிக்கும்."

சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பாயை லோசே கையில் எடுத்தாள்.

"குடுக்காத," என்றாள் அத்தை.

வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. மனாசே அத்தையைப் பார்த்தான், அப்புறம் லோசேயைப் பார்த்தான். "கொஞ்ச நேரத்துல தர்றேன், போ," என்று லோசே அவனை அனுப்பிவிட்டு அத்தையின் பக்கத்தில் முட்டி போட்டாள்.

"அவன் சரியாத்தான் கட்டிக்கிட்டு வந்திருக்கான்," என்றாள் அத்தை. பார்வை செத்த தம்பியின் முகத்தைவிட்டு நகரவில்லை. "தெரியாமக் கட்டியிருக்கான். ஆனா சரியாக் கட்டியிருக்கான்."

லோசே முதலில் கிழவிக்குப் பட்டினியில் புத்தி தடுமாறுகிறது என்றுதான் நினைத்தாள். செத்தவருக்கு மகன் அந்தப் பாயைக் கட்டக்கூடாது. அக்கா மகன் கட்டலாம். அப்படி நினைத்த நினைப்பு அங்கேயே நின்றுவிட்டது.

நாலு வயதில் கப்பலில் தலைநகருக்குப் போனது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கப்பல் ஆட்டத்தில் வாந்தி எடுத்துவிட்டு அம்மாவின் வயிற்றில் தலைவைத்துப் படுத்திருந்தாள். தட்டையான வயிறு. அம்மாவுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறோம் என்றார்கள். அங்கே அத்தையின் வீட்டில் மாதக்கணக்கில் இருந்தார்கள். அத்தை பள்ளிக்கூடத்தில் டீச்சர், கல்யாணமாகாதவள். அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. திரும்பி வரும்போது அம்மா மடியில் தம்பி இருந்தான். இதெல்லாம் அவளுக்கு எப்போதும் தெரிந்ததுதான். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க யாரும் இதுவரை சொல்லவில்லை.

"அத்தை," என்றாள்.

"எனக்கு மானத்தைக் காப்பாத்திக் குடுத்தான் எந்தம்பி. நான் அவனுக்கு வீட்டைக் காப்பாத்திக் குடுத்தேன். ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சுன்னு இருந்தோம். உங்கம்மா புண்ணியவதி, ஒருநாள்கூட என்னை ஒரு மாதிரி பாத்ததில்ல." அத்தை மூச்சு வாங்கிக்கொண்டாள். "காப்பாத்துனதெல்லாம் இந்த வீட்டுக்காக. இவன் இடிக்கப் போறான்னா அப்புறம் என்ன இருக்கு? வெளிய பேசுனது எனக்கும்தான் காதுல விழுந்துச்சு. காது நல்லாத்தான் இருக்கு."

"அவனுக்குத் தெரியுமா?"

"யாரு சொல்லுவா?"

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. பாட்டுக்காரர்கள் முற்றத்தில் வரிசையாக உட்காரும் சத்தம் கேட்டது.

"உன்கிட்டதான் கேக்குறேன்," என்றாள் அத்தை. "உனக்கு இந்த வீடு வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா அந்தக் கந்தலை இப்பவே குடுத்தனுப்பு. அவன் கட்டிக்கட்டும், மகனா நிக்கட்டும். நான் வாயைத் தொறக்காமக் கப்பல் ஏறிடுவேன். வேணும்னா அதை எடுத்த எடத்துல வை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"ஊரு உங்களைப் பேசும், அத்தை."

"பேசட்டும். எனக்கு இனிமே எத்தனை நாளு."

லோசே எழுந்து நின்றாள். கையில் பாய் கனத்தது. வாசல் வழியாக முற்றம் தெரிந்தது. கிதியோனே ஓரமாக, அந்த வெள்ளைப் பாயை இரண்டு கையாலும் மறைக்கப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குச் சட்டை மாற்றாமல் வந்த பையன் மாதிரி நின்றான். அவளைப் பார்த்து, கண்ணாலேயே "எங்கே?" என்று கேட்டான். அவனுக்காக அவள் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறாள். மாங்காய் திருடியதற்கு, பள்ளிக்கூடம் போகாததற்கு, அப்பாவின் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்க் கடலில் இறக்கியதற்கு. எல்லாம் அவனைக் காப்பாற்றச் சொன்னவை.

மனாசே மறுபடி வந்தான்.

"பாய் இல்லன்னு சொல்லு," என்றாள் லோசே. "எலி கடிச்சுத் தூள் தூளாயிருச்சு. கட்ட முடியாது."

மனாசே அவள் கையைப் பார்த்தான். பாய் அங்கேதான் இருந்தது. எலி கடிக்காத பாயை யார் கேட்டார்கள் என்று அவன் கேட்கவில்லை. அவன் முகத்தில் இருந்த விளையாட்டு மெல்ல இறங்கியது. திரும்பிப் போனான். லோசே பாயை மடித்துப் பரணில் கைக்கெட்டாத இடத்துக்குத் தள்ளினாள்.

போதகர் ஜெபித்தார். பாட்டு எழுந்தது. அந்தத் தீவில் பாட்டுக்குக் குறைச்சலே இல்லை. கூரைத் தகரம் அதிருமளவுக்கு நாலு குரலில் பாடினார்கள். வந்த கூட்டமெல்லாம் பாடிக்கொண்டே கிதியோனேயின் இடுப்பை ஒரு முறை பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டது. வெளிநாட்டுக்காரன், மறந்துபோயிருப்பான் என்று விட்டுவிடத் தயாராகத்தான் இருந்தார்கள்.

பெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். சோசாயாவைத் தூக்கிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். உடம்பை நாலு பேர் தூக்கலாம். தலையைப் பெற்ற பிள்ளை தொடக்கூடாது. உயிரோடு இருக்கும்போதே கூடாது, செத்தபின் கேட்கவே வேண்டாம். கால் வீங்கிப் படுத்த வருடங்களில் லோசே அப்பாவுக்கு எல்லாம் செய்திருக்கிறாள், தலைக்கு எண்ணெய் மட்டும் தடவியதில்லை. தலை அக்கா தங்கை வழிக்கு உரியது. போதகர் அத்தையைப் பார்த்தார்.

அத்தை கையை நீட்டினாள். "கிதியோனே. இங்க வா."

கால்மாட்டில் இருந்தவன் நிமிர்ந்தான். "அத்தை?"

"நீ பிடி. தலையை நீ பிடி."

பாட்டு அரைகுறையாக நின்றது. கிதியோனே எழவில்லை. "நான் எப்படி அத்தை. நான் தொடக்கூடாதே."

"நான் சொல்றேன். நீ தொடலாம்."

சாவு வீட்டில் தலைமாட்டில் இருப்பவளின் சொல்லை மீறுகிறவன் அந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. அவன் முழங்காலாலேயே நகர்ந்து வந்தான். அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தலைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததற்காக, கடைசியாக ஒருமுறை, எல்லா முறையையும் தளர்த்தி அத்தை தனக்குக் கொடுத்த சலுகை என்று அவன் எண்ணிக்கொண்டது லோசேக்கு முகத்திலேயே தெரிந்தது. குனிந்து நெற்றியில் முத்தமிட்டான்.

கூடத்தில் வயதானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு கிழவர் மட்டும் மெதுவாகத் தன் தலையை ஆட்டிக்கொண்டார், நாற்பத்தாறு வருடமாக வராத கணக்கு இப்போது வந்துவிட்டது போல. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூடியை வைத்து ஆணி அடிக்கும்வரை அவள் கண்ணை மூடவில்லை.

மயானத்திலிருந்து திரும்ப மூன்று மணியாகிவிட்டது. அடுப்பு திறக்கவேண்டிய நேரம். கிதியோனே வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனான். மகன்களின் இடம் அதுதானே. காலையிலிருந்து கிழங்கு ஒன்றுகூட உரிக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சி அவனுக்கு இருந்தது. குழியடுப்பின்மேல் மூடியிருந்த வாழையிலையை எடுக்கக் குனிந்தான்.

"விடுங்க," என்றான் மனாசே.

கிதியோனேக்குக் காதில் சரியாக விழவில்லை. "எந்தப் பக்கம்ணே புடிக்கணும்?"

"நீங்க விடுங்க. ஆவி அடிக்கும். சீமைப்பலா மரத்தடியில எடம் போட்டிருக்கு, அங்க போய் உக்காருங்க."

"என்னண்ணே இது, வாங்க போங்கன்னுட்டு." அவன் சிரித்தான். கூடச் சிரிக்க ஆள் தேடிச் சுற்றிப் பார்த்தான். அடுப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள், எல்லோரும் கூட விளையாடியவர்கள். ஒருவன் இலையைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தான். இன்னொருவன் ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து, கை கழுவிக்கொள்ளச் சொல்லி இரண்டு கையாலும் நீட்டினான்.

மரத்தடியில் புதுப் பாய் விரித்திருந்தது. வேறு வழி தெரியாமல் போய் உட்கார்ந்தான். ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் சாவுக்கு வந்த சீர்ப் பாய்களையும் மரப்பட்டைத் துணிகளையும் சுமந்துவந்து, குனிந்தவாறே அவன் முன்னால் அடுக்கிவிட்டு, முதுகு காட்டாமல் பின்னால் நகர்ந்து போனார்கள். அவன் அந்த அடுக்கைப் பார்த்தான். தன் இடுப்பைப் பார்த்தான். தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் இருந்தான். அப்புறம் வீட்டுக்குள் தலைமாடு இருந்த பக்கமாகத் திரும்பினான். அங்கே அத்தை இன்னும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் முகம் வெளிறுவதைச் சமையல்கட்டு வாசலில் நின்ற லோசே பார்த்தாள்.

அவள் கையில் மரத்தட்டு இருந்தது. பன்றியின் முதுகுக் கறி, தலைமாட்டு ஆட்களுக்கு மட்டும் வைப்பது. கொண்டுபோக வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். அவள் அனுப்பவில்லை.

மரத்தடிக்கு வந்து நின்றாள். முற்றத்தில் எல்லா வேலையும் நடந்துகொண்டிருந்தது, எல்லோர் காதும் மரத்தடியில் இருந்தது.

"அக்கா," என்றான் கிதியோனே. நடுவில் ஆளில்லாமல், சுவரில்லாமல், நேராக அவள் முகத்தைப் பார்த்து. "இவங்க என்னை யாருன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க?"

ஒரு வார்த்தை போதும் என்று லோசேக்குத் தெரிந்தது. 'சாப்பிடுடா' என்று அதட்டினால் போதும். ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது. அக்காவே தம்பி என்கிறாள் என்று மனாசே மறுபடியும் அவன் முதுகில் அறைவான், கிழங்கு மூட்டையை அவன் தலையில் கட்டுவான், இன்று கூடத்தில் நடந்ததைக் கிழவியின் சோகம் என்று சொல்லி மூடிவிடுவார்கள். பிறப்புப் பதிவில் மகன் என்று எழுதியிருப்பது அப்படியே இருக்கும். சிட்னியில் ஒரு அறை காத்திருக்கிறது. அவன் கண்ணில் இருந்தது கெஞ்சல். அவள் அவனை அந்த அளவுக்கு நேசித்தாள், அது அவளுக்கே அப்போது பாரமாக இருந்தது. அவனுக்குப் பின்னால் தகரக் கூரையும், இருட்டிப்போன பலகைச் சுவரும், அப்பா உட்கார்ந்து தேநீர் குடித்த படியும் தெரிந்தன.

தட்டை நீட்டினாள்.

"சாப்பிடுங்க," என்றாள்.

கிதியோனே அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம், மற்றவர் வீட்டில் கொடுத்ததை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.